மோல் கணக்கில் விடை தப்பினால்: விடையைப் பார்த்தே பிழையைப் பிடிக்கும் வழி

பிளஸ் ஒன் வேதியியலில் முதல் பாடத்திலேயே மோல் கணக்கு வந்துவிடுகிறது. நாலு கணக்கு தப்பானதும் பல பிள்ளைகள் பாடத்தை முதல் பக்கத்திலிருந்து மறுபடி படிக்க உட்கார்ந்துவிடுகிறார்கள். பெரும்பாலும் அதற்கு அவசியமே இல்லை. திரும்பத் திரும்ப இந்தக் கணக்குகளைத் திருத்தியதில் நான் பார்த்தது இதுதான்: பிழைகள் ஏழெட்டு வகைக்குள் அடங்கிவிடும், ஒவ்வொன்றும் விடையில் தன் அடையாளத்தை விட்டுவிட்டுப் போகும். அந்த அடையாளத்தைப் படிக்கத் தெரிந்தால் போதும்.

இதில் கொள்கை விளக்கம் கிடையாது. ஒரு மோலில் இருக்கும் துகள்களின் எண்ணிக்கையான அவகாட்ரோ எண் 6.022 × 10²³ என்பதும், மோலைத் துகளாக்க அதால் பெருக்க வேண்டும், துகளை மோலாக்க அதால் வகுக்க வேண்டும் என்பதும் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். ஒவ்வொரு அறிகுறியின் கீழும் சீக்கிரம் சரிசெய்யக்கூடிய காரணம் முதலில் வரும், அதிக உழைப்பு கேட்கும் காரணம் கடைசியில் வரும். எந்த இடத்தில் ஆசிரியரிடம் போக வேண்டும் என்பதையும் ஆங்காங்கே சொல்லியிருக்கிறேன்.

எதையும் திருத்தும் முன் ஒரு வகுத்தல்

சரியான விடை கையில் இருந்தால், உங்கள் விடையையும் அதையும் எடுத்து, பெரியதைச் சிறியதால் வகுங்கள். வரும் எண்ணைப் பார்த்து நேராக அந்தத் தலைப்புக்குப் போகலாம்.

3.6 × 10⁴⁷ மாதிரி பிரம்மாண்டமான எண் வந்தால் அறிகுறி 1. சரியாக 10, 100, அல்லது 10⁴⁶ வந்தால் அறிகுறி 2. 2, 3, 4, 5 போல ஒரு சின்ன முழு எண் வந்தால் அறிகுறி 3. 18, 44, 98 போல ஒரு மோலார் நிறை, அதாவது ஒரு மோல் பொருளின் கிராம் நிறை வந்தால் அறிகுறி 4. 1000-ஐ ஒட்டி வந்தாலும் அறிகுறி 4-தான். எதிலும் சேராத எண் வந்தால் அறிகுறி 5. மூன்றாவது, நான்காவது இலக்கத்தில் மட்டும் வித்தியாசம் என்றால் அறிகுறி 6.

தேர்வு அறையில் சரியான விடை கையில் இருக்காது. அங்கே அளவை வைத்துத்தான் பிழையைப் பிடிக்க வேண்டும். ஒரு கிராம் தங்கத்தில் ஏறக்குறைய 3 × 10²¹ அணுக்கள். ஒரு சவரன், அதாவது 8 கிராம் சுத்தத் தங்கத்தில் சுமார் 2.4 × 10²². ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 3.3 × 10²⁵ மூலக்கூறுகள். கையால் எடுத்து நிறுக்கக்கூடிய எந்தப் பொருளுக்கும் எண்ணிக்கை பெரும்பாலும் 10²¹-க்கும் 10²⁶-க்கும் நடுவில்தான் விழும். அந்த எல்லைக்கு வெளியே உங்கள் விடை போனால், அடுத்த கேள்விக்குப் போகாமல் அங்கேயே நின்று பாருங்கள்.

## அறிகுறி 1: எண்ணிக்கை ஒன்றைவிடக் குறைவாக வருகிறது, அல்லது மோல் கோடானுகோடியாக வருகிறது

0.25 மோல் நீரில் எத்தனை மூலக்கூறுகள் என்ற கேள்விக்கு 4.15 × 10⁻²⁵ என்று விடை வந்திருக்கும். இல்லையென்றால் 3.011 × 10²³ மூலக்கூறுகள் எத்தனை மோல் என்ற கேள்விக்கு 1.81 × 10⁴⁷ என்று வந்திருக்கும்.

முதல் காரணம்: பெருக்க வேண்டிய இடத்தில் வகுத்தது, வகுக்க வேண்டிய இடத்தில் பெருக்கியது. ஒரே விதியை நினைவில் வையுங்கள். மூலக்கூறுகளின் எண்ணிக்கை ஒன்றுக்குக் கீழே வரவே வராது. வந்தால் கணக்கைத் தலைகீழாகப் போட்டிருக்கிறீர்கள். மாற்றிப் போட்டால் முதல் கேள்விக்கு 1.5055 × 10²³, இரண்டாவதற்கு 0.5 மோல்.

இரண்டாவது காரணம்: எண்ணுக்குப் பின்னால் பெயர் எழுதாதது. இதுதான் வேர் என்பது என் அபிப்பிராயம். ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னால் "மோல்", "மூலக்கூறு", "கிராம்" என்று எழுதினால் எது எதனுடன் அடிபடுகிறது என்று கண்ணுக்கே தெரியும். "மூலக்கூறு ÷ (மூலக்கூறு / மோல்)" என்று எழுதினால் மேலும் கீழும் மூலக்கூறு அடிபட்டு மோல் மிஞ்சும். வெறும் எண்களை எழுதுகிறவருக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. ஒரு வாரம் கையை இதற்குப் பழக்குங்கள். வேகம் குறையும் என்று பயப்பட வேண்டாம். முதல் இரண்டு நாளுக்குக் குறையும், அப்புறம் கூடும்.

பிழை இல்லாத இடங்கள். ஒரே ஒரு நீர் மூலக்கூறின் நிறை என்ன என்று கேட்டால் 18-ஐ அவகாட்ரோ எண்ணால் வகுத்து 2.99 × 10⁻²³ கிராம் என்று வருவது சரியே. 100 மூலக்கூறுகள் எத்தனை மோல் என்றால் 1.66 × 10⁻²² மோல், அதுவும் சரியே. நிறைக்கும் மோலுக்கும் எதிர்மறை அடுக்கு வரலாம். எண்ணிக்கைக்குத்தான் வரக் கூடாது.

## அறிகுறி 2: இலக்கங்கள் சரி, பத்தின் அடுக்கு மட்டும் தப்பு

விடைத்தாள்களில் அதிகம் பார்ப்பது இதைத்தான். மாணவருக்கு மிகவும் வலிக்கும் பிழையும் இதுதான், ஏனென்றால் வேதியியல் முழுக்கச் சரியாக இருக்கும்.

### கையால் போட்ட கணக்கு என்றால்

முதல் காரணம்: புள்ளியை நகர்த்தும்போது அடுக்கை எதிர்ப்பக்கம் மாற்றியது. 0.05 மோலுக்கான கணக்கில் தாளில் இப்படி இருக்கும்:

0.05 × 6.022 × 10²³ = 0.3011 × 10²³ = 3.011 × 10²⁴

கடைசிப் படியில்தான் தப்பு. 0.3011 என்பதை 3.011 ஆக்கும்போது முன்பகுதி பத்து மடங்கு பெரிதாகிவிட்டது. அதைச் சமன்செய்ய அடுக்கு ஒன்று குறைய வேண்டும். ஆகவே 3.011 × 10²². முன்னால் இருக்கும் எண் பெரிதானால் அடுக்கு சிறிதாகும், முன்னால் சிறிதானால் அடுக்கு பெரிதாகும். அந்தப் படியில் பென்சிலால் முன்பகுதிக்கு மேலே ஒரு மேல் அம்பு, அடுக்குக்கு மேலே ஒரு கீழ் அம்பு போட்டுப் பழகுங்கள். இரண்டு அம்பும் ஒரே திசையைக் காட்டினால் தப்பு.

சந்தேகம் இருந்தால் இன்னொரு சோதனையும் உண்டு. 0.05 மோல் என்பது ஒரு மோலைவிடக் குறைவு. ஒரு மோலில் 6.022 × 10²³ இருக்கும்போது அதைவிடக் குறைவான மோலில் 10²⁴ எப்படி வரும்? மோல் ஒன்றுக்குக் கீழே என்றால் துகள் எண்ணிக்கையும் 6.022 × 10²³-க்குக் கீழேதான் இருக்க வேண்டும்.

இரண்டாவது காரணம்: வகுக்கும்போது அடுக்கைக் கழிக்கும் வரிசை மாறியது. 1.2044 × 10²² ÷ 6.022 × 10²³ என்பதில் முன்பகுதி 0.2. அடுக்கு 22 − 23 = −1. விடை 0.2 × 10⁻¹, அதாவது 0.02 மோல். "23 − 22 = 1" என்று பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்கும் பழக்கத்தில் 2 மோல் என்று எழுதிவிடுகிறார்கள். எப்போதும் மேலே இருப்பதிலிருந்து கீழே இருப்பதைக் கழியுங்கள், எதிர்மறை வந்தாலும் சரி.

மூன்றாவது காரணம்: அடுக்கு விதியே உறுதியாக இல்லை. வேதியியலைத் தள்ளிவைத்துவிட்டு 10⁵ ÷ 10⁸, 10⁻³ × 10⁷, 10⁻² ÷ 10⁻⁶ என்று மூன்று கணக்கு போட்டுப் பாருங்கள். விடைகள் 10⁻³, 10⁴, 10⁴. இதில் ஒன்று தப்பினாலும் மோல் பாடத்தை எத்தனை முறை படித்தாலும் பலன் இருக்காது. இது வேதியியல் ஆசிரியரிடம் போக வேண்டிய விஷயமும் இல்லை. கணித ஆசிரியரிடம் போய் அடுக்கு விதிகளை மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு மாலை உட்கார்ந்தால் முடிந்துவிடும்.

### கால்குலேட்டரில் போட்டது என்றால்

பிளஸ் ஒன், பிளஸ் டூ வேதியியல் தேர்விலும் நீட்டிலும் கால்குலேட்டர் கிடையாது. ஆனால் வீட்டில் சரிபார்க்கவும் கல்லூரியிலும் அது கையில் இருக்கும்.

சரியான விடையைப் போல் பத்து மடங்கு வந்தால், பத்தின் அடுக்குக்கென்று இருக்கும் பட்டனை அழுத்துவதற்கு முன் நீங்களே "× 10" என்றும் தட்டியிருக்கிறீர்கள். அந்தப் பட்டனுக்குள்ளேயே பத்து இருக்கிறது. 6.022, பட்டன், 23, அவ்வளவுதான்.

விகிதம் சரியாக 10⁴⁶ வந்தால் அடைப்புக்குறி விட்டுப்போயிருக்கிறது. 3.011 × 10²³ ÷ 6.022 × 10²³ என்று அப்படியே தட்டினால் கால்குலேட்டர் 6.022-ஆல் வகுத்துவிட்டு, பிறகு 10²³-ஆல் பெருக்கிவிடும். 0.5 வர வேண்டிய இடத்தில் 5 × 10⁴⁵ நிற்கும். கீழே இருக்கும் எண் முழுவதையும் அடைப்புக்குறிக்குள் போடுங்கள்.

## அறிகுறி 3: விடை சரியாக இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, அல்லது பாதி

அணுவும் மூலக்கூறும் இடம் மாறியிருக்கின்றன. இந்த வகையில் கிளைகள் அதிகம், ஆகவே கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

### தனிமம் என்றால்

முதலில் கேள்வியை மறுபடி படியுங்கள். "0.5 மோல் ஆக்சிஜன் வாயுவில் உள்ள அணுக்கள்" என்று கேட்டால் மூலக்கூறுகள் 3.011 × 10²³, அணுக்கள் அதைப் போல் இரண்டு மடங்கு, 6.022 × 10²³. "0.5 மோல் ஆக்சிஜன் அணுக்கள்" என்றால் அவை ஏற்கெனவே அணுக்கள். 3.011 × 10²³-ஓடு நிறுத்த வேண்டும். பத்து ஜோடி செருப்பு, பத்து செருப்பு என்ற வித்தியாசம்தான் இது. கேள்வியில் எதை எண்ணச் சொல்கிறார்களோ அந்தச் சொல்லைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுவிட்டுக் கணக்கைத் தொடங்குங்கள்.

அடுத்து, மூலக்கூறில் எத்தனை அணு என்று பாருங்கள். ஹைட்ரஜன், நைட்ரஜன், ஆக்சிஜன், ஃபுளோரின், குளோரின், புரோமின், அயோடின் ஆகிய ஏழுக்கும் 2. ஓசோனுக்கு 3, வெள்ளைப் பாஸ்பரஸுக்கு 4, கந்தகத்துக்கு 8. ஹீலியம், நியான், ஆர்கான் தனி அணுக்கள். இந்த வரிகளை மனப்பாடம் செய்துவிடலாம், வேறு குறுக்குவழி இல்லை.

அதன் பிறகும் இரண்டு மடங்கு வித்தியாசம் இருந்தால், 16-ஐயும் 32-ஐயும் பாருங்கள். 8 கிராம் ஆக்சிஜன் வாயுவில் எத்தனை மூலக்கூறு? 8-ஐ 32-ஆல் வகுத்தால் 0.25 மோல் மூலக்கூறுகள், 1.5055 × 10²³. 16-ஆல் வகுத்தால் வருவது 0.5 மோல் அணுக்கள், 3.011 × 10²³. இரண்டு பாதையும் சரியே, ஆனால் வந்து சேரும் இடம் வேறு. 16-ஆல் வகுத்துவிட்டு, "அணு கேட்டிருக்கிறார்கள்" என்று மறுபடி 2-ஆல் பெருக்கினால் விடை இரட்டிப்பாகிவிடும். ஒரே பாதையை வைத்துக்கொள்ளுங்கள். வாயு என்றால் முதலில் மூலக்கூறு, பிறகு அணு.

### சேர்மம் என்றால்

அடைப்புக்குறிக்கு வெளியே இருக்கும் எண்ணால் உள்ளே இருக்கும் எல்லாவற்றையும் பெருக்கினீர்களா? அலுமினியம் சல்ஃபேட்டில், Al₂(SO₄)₃, 2 அலுமினியமும் 3 சல்ஃபேட்டும். ஒவ்வொரு சல்ஃபேட்டிலும் ஒரு கந்தகம், 4 ஆக்சிஜன். ஆக 2 + 3 + 12 = 17 அணுக்கள். ஆக்சிஜனை 4 என்றோ 7 என்றோ எண்ணினால் இங்கேதான் பிழை.

படிக நீரைச் சேர்த்தீர்களா? மயில்துத்தத்தில் (CuSO₄·5H₂O) ஒரு காப்பர் சல்ஃபேட்டுக்கு 5 நீர். காப்பர் சல்ஃபேட்டில் 6 அணு, ஐந்து நீரில் 15 அணு, மொத்தம் 21. ஆக்சிஜன் மட்டும் கேட்டால் 4 + 5 = 9. "ஒரு மோல் மயில்துத்தத்தில் ஆக்சிஜன் அணுக்கள்" என்ற கேள்விக்கு 4 மோல் என்று எழுதுகிறவர்கள் நிறையப் பேர். நடுவில் இருக்கும் அந்தப் புள்ளியைத் தாண்டிக் கண் போகவில்லை என்று அர்த்தம்.

வாய்பாடே தப்பா? கால்சியம் குளோரைடுக்கு ஒரு குளோரின் என்று எழுதியிருந்தால் அதன் பிறகு எல்லாமே தப்பாகத்தான் வரும். வாய்பாட்டை எழுதத் தடுமாறினால் இணைதிறனை முதலில் சரிசெய்ய வேண்டும். மோல் கணக்கை ஒரு வாரம் நிறுத்திவைத்துவிட்டு ஆசிரியரிடம் போக வேண்டிய இடம் இது. தனியாகப் படித்துச் சரிசெய்வது கடினம், கூட ஒருவர் உட்கார்ந்து இருபது வாய்பாடுகளை எழுதவைத்துப் பார்க்க வேண்டும்.

### அயனி, எலக்ட்ரான் என்றால்

5.85 கிராம் சமையல் உப்பு 0.1 மோல். சோடியம் அயனிகள் 6.022 × 10²², குளோரைடு அயனிகளும் அதே அளவு. "மொத்த அயனிகள்" என்றால் 1.2044 × 10²³. "மொத்த" என்ற ஒரு சொல்லைத் தவறவிட்டால் விடை பாதியாகிவிடும்.

எலக்ட்ரான் கேட்டால் ஒவ்வொரு அணுவின் அணு எண்ணையும் கூட்டுங்கள். நீரில் 1 + 1 + 8 = 10. எனவே 1.8 கிராம் நீரில், 0.1 மோல் × 10, சரியாக ஒரு மோல் எலக்ட்ரான்கள். நிறை எண்ணான 18-ஐப் போட்டால் விடை 1.8 மடங்காகும். அயனி என்றால் மின்சுமையையும் பாருங்கள். அம்மோனியம் அயனியில் புரோட்டான் 11, எலக்ட்ரான் 10.

## அறிகுறி 4: விகிதம் 18, 44, 98, அல்லது 1000-ஐ ஒட்டி வருகிறது

கிராமை நேராக அவகாட்ரோ எண்ணால் பெருக்கியது. 9 கிராம் நீருக்கு 5.42 × 10²⁴ என்று எழுதியிருந்தால் சரியான விடையான 3.011 × 10²³-ஐப் போல் 18 மடங்கு. மோல் என்ற நடுப்படியைத் தாண்டிவிட்டீர்கள். எங்கிருந்து தொடங்கினாலும் மோலுக்கு வந்துவிட்டுத்தான் வேறு எங்கும் போக வேண்டும். விகிதம் அந்தப் பொருளின் மோலார் நிறையாக இருந்தால் வேறு எதையும் தேட வேண்டாம், இதுதான் காரணம்.

அலகு. சரியாக 1000 என்றால் மில்லிகிராமையோ கிலோகிராமையோ கிராமாக மாற்றவில்லை. கேள்வியை எழுதும்போதே கிராமாக்கி எழுதிக்கொள்ளுங்கள்.

திரவத்துக்கு 22.4 போட்டது. ஒரு லிட்டர் தண்ணீர் 1000 கிராம், 18-ஆல் வகுத்தால் சுமார் 55.6 மோல். 22.4-ஆல் வகுத்தால் 0.0446 மோல். விகிதம் 1244. சரியாக 1000 இல்லாமல் பக்கத்தில் ஒரு எண் வந்தால் இதைச் சந்தேகப்படுங்கள். ஒரு மோலுக்கு 22.4 லிட்டர் என்பது வாயுவுக்கு மட்டும், அதுவும் திட்ட வெப்ப அழுத்த நிலையில் மட்டும். அறை வெப்பநிலை என்று கேள்வியில் இருந்தால் அந்த எண்ணைத் தொடாதீர்கள்.

## அறிகுறி 5: விகிதம் எதிலும் சேரவில்லை

லாக் டேபிள் பயன்படுத்தினீர்களா? அப்படியென்றால் உங்கள் விடையின் முன்பகுதியையும் சரியான விடையின் முன்பகுதியையும் பெருக்குங்கள். பத்தை ஒட்டி வந்தால் காரணம் கிடைத்துவிட்டது.

2.5 × 10²¹ ÷ 6.022 × 10²³ என்ற கணக்கை எடுத்துக்கொள்வோம். லாக் கழித்தால் 21.3979 − 23.7797 = −2.3818. இங்கே .3818-க்கு நேராக ஆன்டிலாக் பார்த்தால் 2.409 வரும், 2.409 × 10⁻² என்று எழுதுவார்கள். ஆன்டிலாக் பார்க்கும் தசமப் பகுதி எப்போதும் நேர்மமாக இருக்க வேண்டும். −2.3818 என்பதை −3 + 0.6182 என்று மாற்றி, .6182-க்குப் பார்த்தால் 4.151. விடை 4.151 × 10⁻³ மோல். 2.409-ஐயும் 4.151-ஐயும் பெருக்கிப் பாருங்கள், பத்து வரும்.

இந்தச் சிக்கலே வராமல் இருக்க ஒரு வழி உண்டு. பத்தின் அடுக்கை லாக்குக்குள் கொண்டுபோகாதீர்கள். 2.5 ÷ 6.022 மட்டும் தனியாக, 10²¹ ÷ 10²³ தனியாக. 2.5 ÷ 6 என்பது 0.4 போல வரும் என்று மனதிலேயே தெரியும், ஆகவே 2.4 வந்தால் உடனே உறுத்தும்.

லாக் இல்லாமலே விகிதம் ஒத்துவரவில்லை என்றால் மோலார் நிறையைக் கூட்டியதைச் சரிபாருங்கள். அணு நிறைக்குப் பதில் அணு எண்ணைக் கூட்டியிருக்கலாம். கார்பனுக்கு 6, ஆக்சிஜனுக்கு 8 என்று உங்கள் ரஃப் வொர்க்கில் இருந்தால் அதுதான்.

## அறிகுறி 6: மூன்றாவது, நான்காவது இலக்கத்தில் மட்டும் வித்தியாசம்

இதைப் பிழையாக எண்ண வேண்டாம். பழைய புத்தகங்களிலும் கைடுகளிலும் 6.023 என்று இருக்கும், இப்போதைய புத்தகங்களில் 6.022. 2019 மே 20 முதல் இந்த எண் 6.02214076 × 10²³ என்றே வரையறுக்கப்பட்டுவிட்டது, எனவே 6.022-ஐ எடுத்துக்கொள்வதே பொருத்தம். கேள்வியிலேயே ஒரு மதிப்பு கொடுத்திருந்தால் அதைத்தான் பயன்படுத்த வேண்டும். குளோரினுக்கு 35.5, 35.45 என்ற வித்தியாசமும் இப்படியே. வாயுக் கணக்கில் சுமார் 1.3 சதவீத வித்தியாசம் வந்தால் ஒருவர் 22.4-உம் இன்னொருவர் 22.7-உம் எடுத்திருப்பார்கள். முதலாவது 1 வளிமண்டல அழுத்தத்துக்கு, இரண்டாவது 1 பாருக்கு. உங்கள் பாடப்புத்தகம் எதைச் சொல்கிறதோ அதைப் பின்பற்றுங்கள்.

## எல்லாம் சோதித்தும் விடை ஒத்துவரவில்லை

கைடில் அச்சான விடையே தப்பாக இருப்பதும் உண்டு. நீங்களும் இன்னொருவரும் தனித்தனியாகப் போட்டு ஒரே விடை வந்தால் உங்கள் விடையை நம்புங்கள், ஆனால் ஆசிரியரிடம் ஒரு முறை காட்டிவிடுங்கள். ஒரே அறிகுறி மூன்று புதிய கணக்குகளில் திரும்ப வந்தாலும் காத்திருக்க வேண்டாம், போய்விடுங்கள். தேர்வுக்கு முந்தின வாரம் வரை தள்ளிப்போடும் பிள்ளைகளைப் பார்க்கும்போது மனசு கஷ்டமாக இருக்கிறது. பத்து நிமிடத்தில் தீரக்கூடிய விஷயத்துக்கு மாதக்கணக்கில் பயந்திருப்பார்கள்.

போகும்போது தப்பான தாளை அழிக்காமல் அப்படியே கொண்டுபோங்கள், ரஃப் வொர்க்கும் சேர்த்து. "மோல் புரியவில்லை" என்று சொன்னால் ஆசிரியர் பாடத்தை முதலிலிருந்து தொடங்குவார். "எனக்கு வகுக்கும்போது மட்டும் அடுக்கு மாறுகிறது" என்று தாளைக் காட்டினால் நேராக அந்த வரிக்கு வருவார்.